தகரப் பேணியும் தங்கூசியும்: புல்லு வெட்டுற மெஷினின் வரலாறு

புல்லு வெட்டுற மெஷின் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கிற முதல் கேள்வி "எது அண்ணை நல்லது?" என்பதுதான். கடைக்காரர் ஒரு பெயரைச் சொல்லுவார். இல்லாட்டி இத்தனை சிசி, இத்தனை குதிரைவலு என்று ஒரு எண்ணைச் சொல்லுவார். வாங்கிக்கொண்டு வந்து ஒரு மாரி முடிய மெஷின் ஸ்டார்ட் ஆகாமல் கோடியில் கிடக்கும். எங்கட ஊர்களில் இது புதுக்கதை இல்லை.

"எது நல்லது" என்று கேட்பதில் பிழையில்லை. ஆனால் அதற்கு முதல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கு. இந்த மெஷின் யாருடைய வளவுக்காக, எந்த வேலைக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது? அதைத் தெரிந்துகொண்டால், எங்கட வளவுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதும் தெரிந்துவிடும். அந்த வரலாறு பெரிய பழைய வரலாறும் இல்லை. எங்கட அம்மா அப்பாவின் வயதுதான் இந்த மெஷினுக்கு.

புல்வெளி என்ற ஆசை

வீட்டைச் சுற்றி ஒரே மட்டமாக வெட்டின புல்வெளி வைத்திருப்பது முதலில் இங்கிலாந்துப் பிரபுக்களின் ஆசை. அந்தக் காலத்தில் புல்லை மட்டமாக வைத்திருக்க இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று ஆடு மாடுகளை மேயவிடுவது. மற்றது நீளப் பிடி போட்ட பெரிய அரிவாளோடு ஒரு வரிசை ஆட்களை இறக்குவது. இரண்டாவதுக்குக் கூலி கொடுக்கக் காசு வேண்டும். ஆகவே புல்வெளி என்பது "எனக்குக் காசு இருக்கு, இந்த நிலத்தில் பயிர் வைத்துச் சாப்பிட வேண்டிய தேவை எனக்கில்லை" என்று ஊருக்குக் காட்டுகிற அடையாளம்.

1830இல் எட்வின் பட்டிங் என்ற ஆங்கிலேயர் புல்வெளி வெட்டும் உருளை மெஷினுக்குக் காப்புரிமை எடுத்தார். அவர் வாழ்ந்த ஸ்ட்ரவுட் பகுதி கம்பளித் துணி ஆலைகளுக்குப் பெயர் போன இடம். நெய்த துணியின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கிற மயிரை ஒரே மட்டமாகச் சீவி எடுக்க ஆலைகளில் கத்தி பொருத்திய உருளை ஒன்று இருந்தது. அதைத்தான் பட்டிங் புல்லுக்குக் கொண்டு வந்தார். துணிக்கான யோசனை நிலத்துக்கு வந்தது. இதை நினைவில் வைத்திருங்கோ, இதே மாதிரி ஒன்று பிறகும் நடக்கப் போகுது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தப் புல்வெளி அமெரிக்காவின் நடுத்தர வர்க்கத்துக்கு வந்து சேர்ந்தது. 1947இல் நியூயோர்க்குக்குப் பக்கத்தில் கட்டத் தொடங்கின லெவிட்டவுன் குடியிருப்பில் ஒரே மாதிரியான ஆயிரக்கணக்கான வீடுகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் புல்வெளி. கிழமைக்கு ஒருக்காப் புல்லு வெட்ட வேண்டும் என்பது அங்கே ஒரு விதியாகவே இருந்தது. பிரபு வீட்டில் பத்துப் பேர் செய்த வேலையை இப்ப ஒரு குடும்பத் தலைவர் சனி ஞாயிறில் தனியாகச் செய்ய வேண்டும். தள்ளுகிற மெஷின் நடுப் புல்லை வெட்டிவிடும். மரத்தடி, மதில் ஓரம், வேலிக்கால், வாசல் படி என்று மெஷின் போகாத இடங்கள்தான் பிரச்சினை. அங்கே முழங்காலில் இருந்து கத்திரியால்தான் வெட்ட வேண்டும். இந்த ஓரத்துப் புல்லுத்தான் எங்கட கதைக்குக் காரணம்.

ஹூஸ்டனில் ஒரு கார் கழுவும் இடம்

ஜோர்ஜ் பலஸ் 1925இல் லூசியானா மாநிலத்தில் ரஸ்டன் என்ற ஊரில் பிறந்தவர். பெற்றோர் கிரேக்கத்தில் இருந்து குடிபெயர்ந்து வந்தவர்கள். இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் விமானத்தில் குண்டு போடும் வீரராக இருந்தார். பிறகு டெக்சாஸில் ஹூஸ்டன் நகரில் நடனப் பள்ளி நடத்தினார். பொறியியலாளர் இல்லை, விவசாயியும் இல்லை. அவருடைய மகனும் பேரனும் பிற்காலத்தில் பெயர் பெற்ற நடனக் கலைஞர்கள்.

1971இல் ஒரு நாள் தானாகக் கார் கழுவும் இடத்தில் காருக்குள் இருந்தபடி, சுழல்கிற தூரிகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா நிற்கும்போது தொங்கிக்கொண்டிருக்கிற நைலோன் தும்புகள், சுழலத் தொடங்கினதும் நேராக விறைத்து நின்றன. வளைவு நெளிவுக்குள் எல்லாம் புகுந்து ஊத்தையை எடுத்தன. ஆனால் காரின் பெயின்ற் சுரண்டுப்படவில்லை. அவருடைய வளவில் ஓக் மரங்கள் நின்றன. மரப்பட்டையைக் காயப்படுத்தாமல் அடியில் முளைக்கிற புல்லை எடுக்க முடியாமல் அவர் அலுத்துப் போயிருந்தார். இரண்டும் மனதில் ஒன்றாக வந்தது.

வீட்டுக்குப் போய் ஒரு தகரப் பேணியை எடுத்தார். அதில் ஓட்டைகள் போட்டு மீன்பிடி நூலைக் கோர்த்தார். புல்வெளி ஓரம் வெட்டுகிற மெஷின் ஒன்றில் கத்தியைக் கழற்றிவிட்டு அந்தப் பேணியைப் பூட்டினார். அது சத்தம் போட்டது, புல்லைத் தாறுமாறாகப் பிய்த்தது. ஆனால் மரப்பட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. துணி ஆலையில் இருந்து பட்டிங் எடுத்த மாதிரி, கார் கழுவும் இடத்தில் இருந்து பலஸ் எடுத்தார்.

அவர் கோர்த்த நூலை எங்கட கடற்கரை ஊர்களில் தங்கூசி என்று சொல்லுவம். தடை செய்யப்பட்ட தங்கூசி வலை பற்றிச் செய்திகளில் வருகிறதே, அதே ஒற்றை இழை நைலோன்தான். நைலோனை 1935இல் டுபொன்ட் கொம்பனியின் ஆய்வுகூடத்தில் வொலஸ் கரொதர்ஸ் உருவாக்கினார். 1938இல் அது உலகத்துக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. பெண்களின் காலுறை, போர்க்காலத்தில் பரசூட், மீன்பிடி நூல் என்று போய்க் கடைசியில் புல்லுக்கும் வந்தது.

பலஸ் தன்னுடைய மெஷினுக்கு "வீட் ஈட்டர்" என்று பெயர் வைத்தார். தமிழில் சொன்னால் "களை தின்னி". பல கொம்பனிகளிடம் கொண்டு போய்க் காட்டினார். ஒருவரும் எடுக்கவில்லை. நூலால் புல்லு வெட்டலாம் என்றால் யார் நம்புவார்கள்? அதனால் தானே உற்பத்தியைத் தொடங்கினார். 1973இல் கிடைத்த காப்புரிமையில் அவரோடு தொமஸ் கைஸ்ட் என்பவருடைய பெயரும் இருக்கு. தனி ஒருவரின் திடீர் யோசனை என்று விளம்பரங்கள் சொல்லும் கதைகளில் இப்படி இரண்டாவது பெயர்கள் மறைந்துபோவது வழமை. 1972இல் அரை மில்லியன் டொலரைக் கொஞ்சம் தாண்டின விற்பனை, 1976இல் 40 மில்லியன் டொலரைத் தாண்டியது. 1977இல் கொம்பனியை எமர்சன் எலக்ட்ரிக்குக்கு விற்றார். 2011இல் தனது 85ஆவது வயதில் காலமானார்.

நூல் எப்படி வெட்டுது?

ஒரு மெல்லிய நூல் புல்லை வெட்டுவது வேகத்தால்தான். நூலின் தலைப்பகுதி நிமிடத்துக்கு 7000 தரம் சுழல்கிறது, நூல் போடும் வட்டம் 40 சென்ரிமீற்றர் விட்டம் என்று வைத்துக்கொள்ளுவம். நூலின் நுனி மணிக்கு 500 கிலோமீற்றருக்கு மேலான வேகத்தில் போகும். அந்த வேகத்தில் வெளிப்பக்கம் இழுபடுவதால் நூல் கம்பி மாதிரி விறைத்து நிற்கும். ஈரமான மெல்லிய தண்டில் பட்டால் அது துண்டாகும். கல்லிலோ மதிலிலோ பட்டால் நூல் மடங்கி, தேய்ந்து, வேகம் குறைந்து விலகும்.

இதில் இருந்தே இரண்டு விஷயம் விளங்கும். முதலாவது, வெட்டுவது நூலின் நுனி மட்டும்தான். நூலை முழுக்கப் புல்லுக்குள் அமுக்கினால் வேலை நடக்காது, என்ஜின்தான் திணறும். இரண்டாவது, தடித்த தண்டு, நாயுண்ணிப் பற்றை, முள்ளுச் செடி, வடலி போன்றவற்றுக்கு இந்த மெஷினை ஒருவரும் யோசிக்கவே இல்லை. அதற்கு வேறு ஒரு பரம்பரை இருக்கு. ஜப்பானில் 1960களிலேயே மலைச்சரிவுகளிலும் வயல் வரம்புகளிலும் பாவிக்கவென்று, தோளில் மாட்டிக்கொள்கிற, வட்டத் தகடு பூட்டின மெஷின்கள் வந்துவிட்டன. இன்றைக்கு எங்கட கடைகளில் நூலும் போடலாம், தகடும் போடலாம் என்று விற்கப்படுபவை, ஹூஸ்டனின் புல்வெளியும் ஜப்பானின் மலைச்சரிவும் கலியாணம் செய்து பிறந்த பிள்ளைகள்.

காப்பாற்ற வந்தது கொல்லுது

மரப்பட்டையைக் காப்பாற்றத்தான் இந்த மெஷின் பிறந்தது என்று பார்த்தோம். ஆனால் இன்று உலகம் முழுக்க மரம் பராமரிப்பவர்கள் இளமரங்கள் சாவதற்குச் சொல்லுகிற காரணங்களில் இந்த நூலும் ஒன்று.

பலஸின் மரங்கள் ஓக். முதிர்ந்த ஓக்கின் பட்டை தடிப்பானது. நட்டு இரண்டு மூன்று வருடமான மாங்கன்றின் பட்டை அப்படி இல்லை. இலையில் செய்யப்படுகிற உணவு வேருக்குப் போகிற பாதை பட்டைக்குச் சற்று உள்ளேதான் இருக்கு. கிழமைக்குக் கிழமை நூல் அதே இடத்தில் அடிக்க, பட்டை உரிந்து அந்தப் பாதை வட்டமாக அறுந்துவிடும். மேலே இலை பச்சையாக இருக்கும், கீழே வேர் பட்டினி கிடக்கும். மரம் மாதக்கணக்காக, சிலவேளை வருடக்கணக்காக மெல்ல மெல்லச் சாகும். அதனால்தான் ஒருவரும் மெஷினைச் சந்தேகிப்பதில்லை. "வெயிலுக்குப் பட்டுப்போச்சு" என்று சொல்லிவிடுவார்கள்.

தென்னையும் பனையும் இந்த விதத்தில் தப்பும், ஏனென்றால் அவற்றில் உணவு போகும் குழாய்கள் தண்டு முழுக்கப் பரவி இருக்கு. மா, வேம்பு, முருங்கை, தேசி, மாதுளை எல்லாம் தப்பாது. செய்ய வேண்டியது சின்ன வேலை. கன்றைச் சுற்றி அரை மீற்றர் வட்டத்துக்குக் கையால் புல்லைப் பிடுங்கிச் சருகு போட்டு மூடிவிட்டால், மெஷினை அங்கே கொண்டுபோகவே தேவையில்லை.

புகையும் சத்தமும்

கையில் தூக்கிப் பிடிக்கிற மெஷினுக்குப் பாரம் குறைந்த என்ஜின் வேண்டும். அதோடு எந்தப் பக்கம் சரித்தாலும் ஓட வேண்டும். இந்த இரண்டையும் தந்தது 2 ஸ்ட்ரோக் என்ஜின். அதற்குத் தனி ஒயில் தொட்டி கிடையாது. பெற்றோலோடு கலந்து விடுகிற ஒயில்தான் உள்ளுக்குப் போய் எல்லாவற்றையும் வழுக்கப் பண்ணும். ஒயில் கலக்காமல் வெறும் பெற்றோல் ஊற்றினால் பிஸ்டன் இறுகிவிடும். எத்தனையோ நல்ல மெஷின்கள் இப்படித்தான் செத்தன. பிழை கொம்பனியிலும் இல்லை, சிசியிலும் இல்லை.

அந்த என்ஜினின் மற்றக் குறை, புதுப் பெற்றோல் உள்ளே வரும்போது புகை போகும் வழியும் திறந்திருப்பது. ஊற்றுகிற பெற்றோலில் கால்வாசி அளவு எரியாமலே வெளியே போகலாம். நீலப் புகையும் மணமும் அதால்தான். 1997இல் ஹொண்டா எந்தப் பக்கம் சரித்தாலும் ஓடக்கூடிய சின்ன 4 ஸ்ட்ரோக் என்ஜினைக் கொண்டு வந்தது. ஒயில் தனியாக ஊற்றலாம், புகை குறைவு, பாரமும் விலையும் கொஞ்சம் கூட. 2021 ஒக்டோபரில் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. அங்கே இப்படியான சின்ன என்ஜின்களில் இருந்து வருகிற புகைமாசு, கார்களில் இருந்து வருவதை விடக் கூட என்பதுதான் காரணம். 2024இல் இருந்து அங்கே விற்கிற புதுத் தோட்ட மெஷின்களில் பெரும்பாலானவை புகை விடாதவையாக, அதாவது பற்றறியில் அல்லது மின்சாரத்தில் ஓடுபவையாக, இருக்க வேண்டும்.

சத்தத்தைப் பற்றி நாங்கள் கதைப்பதே குறைவு. பெற்றோல் மெஷின்களில் பல, பிடித்திருப்பவரின் காதுக்கு 95 டெசிபலுக்கு மேல் சத்தம் கொடுக்கும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் வேலை செய்யலாம். 94இல் ஒரு மணித்தியாலம். 100இல் 15 நிமிடம்தான். வீட்டுக்காரர் மாதத்துக்கு ஒருக்கா அரை மணித்தியாலம் பிடிப்பார். ஆனால் வீடு வீடாகப் போய் நாள் முழுக்க வெட்டுகிற கூலித் தொழிலாளியின் காது? கண்ணில் தெறிக்கிற கல்லு? எங்கட தெருக்களில் அவர்களில் எத்தனை பேர் காதடைப்பும் கண்ணாடியும் போட்டிருக்கிறார்கள் என்று ஒருக்காப் பாருங்கோ. அமெரிக்கக் குடும்பத் தலைவரின் சனிக்கிழமை வேலைக்காகச் செய்த மெஷின், இங்கே ஒருவரின் முழுநாள் தொழிலாக மாறிவிட்டது. அந்த மாற்றத்துக்கான விலையை அவருடைய உடம்புதான் கட்டுது.

எங்கட வளவுக்கு எது?

எங்கட பழைய முற்றம் புல்வெளி இல்லை. புல்லே இல்லாமல் செதுக்கி, விடியக் கூட்டி, தண்ணி தெளித்து வைத்திருக்கிற வெறும் மண் முற்றம். பாம்பு வந்தால் தெரியும், நெல்லுக் காயப்போடலாம், பிள்ளைகள் விளையாடலாம். அதற்கான ஆயுதம் உழவாரம். 7ஆம் நூற்றாண்டின் அப்பர் சுவாமிகளின் கையில் சிற்பிகள் கொடுத்திருப்பதும் அதைத்தான். கோயில் வீதியில் புல்லுச் செதுக்குவதை இன்றைக்கும் உழவாரப் பணி என்றுதான் சொல்லுறம். உழவாரம் புல்லை வேரோடு எடுக்கும். நூல் மேலால் மட்டும் வெட்டும். மாரியில் இரண்டு கிழமையில் புல்லு திரும்ப நிற்கும். ஆகவே வெறும் மண் முற்றம்தான் வேண்டுமென்றால் மெஷினுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. உழவாரம் போதும்.

பெரிய வளவு, வெட்டி வெட்டி வைத்திருக்கிற புல்லு என்றால் நூல் போடுகிற சின்ன மெஷின் காணும். பெற்றோல் என்றால் 25 சிசி அளவு போதும். நூல் மெல்லிய புல்லுக்கு 2 மில்லிமீற்றர், கலப்புப் புல்லுக்கு 2.4. தடித்த நூல் போட்டால் நல்லா வெட்டும் என்று நினைத்துச் சின்ன என்ஜினில் 3 மில்லிமீற்றர் போடுவது, ஸ்கூட்டியில் நாலு மூட்டை ஏற்றுகிற மாதிரி.

வருடக்கணக்காக ஆளில்லாமல் கிடந்த பற்றைக் காணி என்றால் தகடு பூட்டக்கூடிய, நேர்த்தண்டு உள்ள மெஷின் வேண்டும். வளைந்த தண்டுக்குள் ஓடுவது வளையக்கூடிய கேபிள். நேர்த்தண்டுக்குள் பெரும்பாலும் உருக்குக் கம்பி, கூடக் காலம் உழைக்கும். தகடு கல்லிலோ முள்ளுக்கம்பியிலோ பட்டால் மெஷின் பக்கவாட்டில் உதறும். 15 மீற்றருக்குள் வேறு ஆட்கள் நிற்கக் கூடாது. வன்னியில் போருக்குப் பிறகு துப்புரவாக்கப்படாத காணிகளில் சந்தேகமான எதையும் கண்டால் மெஷினை நிறுத்திவிட்டு அறிவிக்க வேண்டும். அது எந்த மெஷினுக்கும் உரிய வேலை இல்லை.

பெற்றோலா பற்றறியா? 2022ஐ நாங்கள் மறக்கவில்லை. கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அதே வருடம் மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டும் இருந்தது. ஆகவே எதுவும் முழுக்கப் பாதுகாப்பு இல்லை. சின்ன வளவு, பக்கத்து வீடுகள் நெருக்கம் என்றால் பற்றறி நல்லது. ஆனால் அந்தப் பற்றறி நாலு வருடம் கழித்தும் இங்கே கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கோ. பெரிய காணி, தோட்டம் என்றால் இப்போதைக்குப் பெற்றோல்தான்.

எதை வாங்கினாலும் நம்பகத்தன்மையை முடிவு செய்வது கடைக்கு வெளியே நடக்கிற வேலைகள்தான். 50க்கு 1 என்று புத்தகத்தில் போட்டிருந்தால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் ஒயில். 25க்கு 1 என்றால் 40. கண் மட்டத்தில் ஊற்றாமல் அளந்து ஊற்றுங்கோ. கலந்த பெற்றோலை மாதக்கணக்கில் தொட்டியில் விடாதேங்கோ, காபரேற்றரில் பிசின் பிடிக்கும். கோடியில் கிடக்கிற மெஷின்களில் பாதி அதால்தான் கிடக்குது. காற்று வடிகட்டியைக் கழுவுங்கோ. பாதுகாப்பு மூடியைக் கழற்றாதேங்கோ, அதில் இருக்கிற சின்னக் கத்திதான் நூலை அளவாக வெட்டி வைத்திருக்குது. மூடி இல்லாவிட்டால் நூல் நீளும், என்ஜின் சூடாகும், கல்லு உங்கட காலுக்கு வரும். வாங்க முதல் கடையில் கேட்க வேண்டியது குதிரைவலுவை இல்லை. "நூல் தலை, பிளக், காபரேற்றர் இதெல்லாம் இங்க தனியா எடுக்கலாமோ? திருத்திறது ஆர்?" என்று கேளுங்கோ. அதற்கு நேரான பதில் தருகிற கடையில் வாங்குங்கோ.

கூலிக்கு ஆளைப் பிடித்து வெட்டுவிப்பவர்களும் இந்தக் கணக்கில் அடக்கம். ஒரு பாதுகாப்புக் கண்ணாடியும் காதடைப்பும் நீங்களே வாங்கி வீட்டில் வைத்திருக்கலாம், மெஷினின் விலையோடு பார்த்தால் அது சின்னச் செலவு. வருகிறவரிடம் அதைக் கொடுத்துவிட்டு, மாங்கன்றுப் பக்கம் போக வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கோ.